அவள் அழித்த சங்கிலி

வாசகப் பெருமக்களே, வாருங்கள். இந்தக் கதவின் முன் சற்றே நில்லுங்கள்.

பச்சை வண்ணம் பூசிய இரும்புக் கதவு. இடுப்பு உயரத்தில் ஒரு தள்ளுகம்பி. நெற்றியில் 'அவசர வழி' என்று எழுதிய பலகை. சலவைக்கூடத்தின் உலர்த்தும் இயந்திரத்தில் சேர்ந்து கிடந்த பஞ்சுத்தூசி கருகிப் புகை மண்டிய அன்று, மடிப்புப் பிரிவில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தது இந்தப் பலகையை நம்பித்தான்.

பலகை பொய் சொன்னது. தள்ளுகம்பியைச் சுற்றிச் சங்கிலி. சங்கிலியில் பூட்டு.

ஏன் பூட்டு? படுக்கைவிரிப்புகள் களவு போகின்றனவாம்! துணிக்குக் காவல் வைத்த அதே கையால் உயிர்களுக்குச் சிறை வைத்தார்கள்.

இன்று அந்தச் சங்கிலி அங்கே இல்லை. புகை அடங்கிய சூட்டோடு கழன்று எங்கோ மறைந்துவிட்டது. அப்படியொரு சங்கிலி என்றுமே இருந்ததில்லை என்று நிர்வாகம் அடித்துப் பேசுகிறது. கதவு திறந்துதான் இருந்ததாம். மேற்பார்வைப் பெண் ஒருத்தி பதறிப்போய், தள்ளிக்கூடப் பார்க்காமல் எல்லோரையும் திருப்பி ஓட்டினாளாம். அந்த நெரிசலில்தான் இருவர் விழுந்து மிதிபட்டார்களாம். விழுந்தவர்களில் ஒருத்தி இன்னும் மருத்துவமனைக் கட்டிலில் மூச்சை இழுத்து இழுத்து விடுகிறாள். அந்தப் பழியை மேற்பார்வைப் பெண்ணின் தலையில் கட்டி, வேலையைவிட்டு விரட்டி, வழக்கிலும் மாட்டிவிட வழி தேடுகிறார்கள்.

அந்த மேற்பார்வைப் பெண்தான் நம் அண்ணியின் நாத்தனார்.

தெருவே அண்ணி என்று அழைக்கும் ஸ்டூடியோக்காரரின் மனைவியை இத்தனை வாரங்களாக நீங்கள் அறிவீர்கள். கல்லாவில் அமர்ந்து படங்களை உறையிலிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவள், படம் திருத்தும் வேலையைத் தானே கற்றுக்கொள்வதென்று கிளம்பினாள். விலையுயர்ந்த மென்பொருள் இருந்த கணினியைக் கணவர் தொட விடவில்லை. "அது விளையாட்டுச் சாமான் இல்லம்மா" என்றார். சரி என்று, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை இறக்கி, கீல் உடைந்த பழைய மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டாள். மூடி பின்னால் சாயாதிருக்க ஒரு செங்கல். சாப்பாட்டு மேசையே பள்ளிக்கூடம், இணையக் காணொளியில் பேசிய ஒரு பெண்ணே ஆசிரியை.

கேமரா ஒவ்வொரு படத்தையும் இரண்டு விதமாக எழுதிவைக்கும் என்பதே அவளுக்கு முதல் வியப்பு. ஒன்று, உடனே பார்க்கத் தகுந்த படம். மற்றொன்று 'ரா' என்னும் மூலக்கோப்பு. வில்லை வழியே வந்த வெளிச்சம் முழுவதையும் மெருகேற்றாமல் அப்படியே வைத்திருப்பது அது. திறந்தால் கழுவாத முகம்போல் மங்கிக் கிடக்கும். ஆனால் இருட்டு என்று நாம் ஒதுக்கிவிடும் மூலையிலும் அதற்குள் செய்தி ஒளிந்திருக்கும்.

வாரத்துக்கு ஒரு பாடம், பாடத்துக்குப் பத்துப் பிழை. பிறந்தநாள் குழந்தையிலிருந்து பலூன்வரை எல்லாவற்றையும் ஆரஞ்சு நிறமாக்கிய அன்று, "என்னம்மா, வீட்டோட மஞ்சக்காமாலையா?" என்று ஸ்டூடியோக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் அசரவில்லை.

பிறகு ஒரு வெற்றி வந்தது. சலவைக்கூடத்தின் குழுப்படம் அது. ஸ்டூடியோக்காரரே எடுத்தது. முகங்கள்மீது மட்டும் ஃப்ளாஷ் வெளிச்சம் விழுந்து, பின்னால் முழுக்கக் குகை இருட்டு. 'உருப்படாத படம், நீ பழகிக்கோ' என்று அவளிடம் தள்ளிவிட்டார். அவள் மூலக்கோப்பைத் திறந்து, இருண்ட பகுதிகளுக்கு மட்டும் வெளிச்சம் ஏற்றி இருட்டைத் தூக்கினாள். சுவர் வந்தது, அலமாரி வந்தது, பச்சைக் கதவு வந்தது. மேலாளர் மகிழ்ந்துபோய் அதைப் பெரிதாக்கி, சட்டமிட்டு, வரவேற்பறையில் மாட்டினார்.

அந்த வெற்றிதான் இன்று காலை சாப்பாட்டு மேசைக்கு வந்து அவள் கழுத்தைப் பிடித்தது.

குளித்த தலையைத் துவட்டாமலே நாத்தனார் வந்து உட்கார்ந்தாள். வலது மணிக்கட்டில் கட்டு. கதவில் அறைந்து அறைந்து வீங்கிய கை அது.

"இந்தக் கட்டை நானே வீட்ல போட்டுக்கிட்டு நடிக்கிறேனாம் அண்ணி. நேத்து விசாரணையில மேலாளர் சொல்றாரு."

"சொல்லுவாரு. அவருக்கென்ன, வாய்க்கு வாடகையா குடுக்கறாரு?"

"வாய் மட்டும்னா நானும் பேசிடுவேன். சாட்சி கொண்டுவந்துட்டாரு."

"எந்தச் சாட்சி?"

"படம். அண்ணன் எடுத்துச்சே, குரூப் போட்டோ. சட்டத்தோட கழட்டி எடுத்துட்டு வந்து அதிகாரி மேசையில வெச்சாரு. பின்னாடி கதவு கண்ணாடி மாதிரி தெரியுது. சங்கிலியே இல்ல."

அண்ணி துடைத்துக்கொண்டிருந்த டம்ளர் கையிலேயே நின்றது.

"படம் எடுத்த அன்னைக்கும் சங்கிலி இருந்துச்சு அண்ணி. நானே மேலாளர்கிட்டப் போய்க் கேட்டேன். வேலை நேரத்துல கழட்டிடுவோம்னாரு. அதை நம்பித்தான் புகை வந்தப்போ எல்லாரையும் அந்தப் பக்கம் ஓட்டிட்டுப் போனேன். ஆனா படத்துல இல்லையே! நேத்து ராத்திரி முழுக்க யோசிக்கிறேன். எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சா? தள்ளிப் பார்த்தேனா, பார்க்கலையா? இந்தக் கை எதுல வீங்குச்சு?"

பாருங்கள், அநீதியின் கைவரிசையை! கண்ணால் கண்டவளையே, கையால் அறைந்தவளையே, தன்மேல் ஐயுற வைத்துவிட்டது ஒரு படம்.

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உன் புத்திக்கு ஒண்ணும் ஆகல. அந்தச் சங்கிலியை அழிச்சது நான்."

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள்.

"இருட்டைத் தூக்குனப்போ கதவுக்குக் குறுக்கால சாம்பல் கலர்ல ஒரு கோடு வந்துச்சு. நடுவுல ஒரு உருண்டை. ஏதோ ஒயர் தொங்குதுன்னு நெனச்சேன். உங்கண்ணன் பார்த்துட்டு, அசிங்கமா இருக்கு எடுத்துடுன்னாரு. அதுக்குன்னு ஒரு பிரஷ் இருக்கு. பக்கத்துல இருக்கற பச்சையை எடுத்து அதுமேல பூசிடும். புதுசா கத்துக்கிட்ட வித்தை. பூசிட்டேன்."

"பூசிட்டீங்க."

"ஆமா."

"சலவைக்கூடத்துல வேலை செய்யறது நான். ஆனா வெளுத்தது நீங்க. நல்ல வெளுப்பு அண்ணி, கறையே தெரியல."

அவள் அடித்திருந்தால்கூட அண்ணிக்கு இவ்வளவு வலித்திருக்காது. ஒரு வீட்டில் ஒரே சோப்புக்கும் ஒரே சீப்புக்கும் சண்டை போட்டு வளர்ந்த உறவு இது. அந்த உறவின் நடுவே இப்போது ஒரு பச்சைக் கதவு நின்றது.

"திட்டறதெல்லாம் அப்புறம் திட்டு," என்றாள் அண்ணி கடைசியில். "மத்தியானம்தானே மறுபடி விசாரணை? மூலக்கோப்பு என்கிட்ட இருக்கு."

"அண்ணன்தான் வேலை முடிஞ்சதும் எல்லாத்தையும் அழிச்சிடுமே!"

ஸ்டூடியோக்காரரின் வழக்கம் அது. ஆல்பம் கைமாறியதும் மூலக்கோப்புகளைத் துடைத்துவிடுவார். இடத்தை அடைக்கிறது என்பார். ஆனால் பழகுகிறவளுக்கு நல்ல படம் உதவாது, கெட்ட படம்தான் வேண்டும். அவர் வேண்டாமென்று தள்ளிய படங்களையெல்லாம் அண்ணி ஒரு கோப்புறையில் சேர்த்துவைத்திருந்தாள். அதற்கு அவள் இட்ட பெயர் 'குப்பைத்தொட்டி'.

செங்கல்லை நகர்த்தி மடிக்கணினியைத் திறந்தாள். நாத்தனார் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். கோபத்தில் மூச்சு சுட்டது, ஆனாலும் நின்றாள்.

குப்பைத்தொட்டி திறந்தது. குழுப்படத்தின் மூலக்கோப்பு இருந்தது. சொடுக்கினாள்.

படம் விரிந்தது. முகங்கள், சுவர், அலமாரி, பச்சைக் கதவு. கதவில் சங்கிலி இல்லை.

"இதுலயும் இல்லையே அண்ணி!"

அண்ணி திரையை நெருங்கிக் குனிந்தாள். மூலக்கோப்பையே கெடுத்துவிட்டேனா? அன்று 'சேமி' என்று ஒன்றை அழுத்திய ஞாபகம் வந்தது. எதைச் சேமித்தோம், எதன்மேல் சேமித்தோம் என்று அப்போது யார் பார்த்தார்கள்? வித்தை கற்ற மகிழ்ச்சியில் கண்ணில் பட்டதையெல்லாம் அழுத்தியவளல்லவா அவள்! ஒரு பெண்ணின் மானமும் பிழைப்பும் இருந்த ஒரே கோப்பு. அதன்மேல் தானே மண்ணள்ளிப் போட்டாயிற்றா?

"மூடிட்டுத் திற," என்றாள் நாத்தனார். கோபத்தில் மரியாதை பறந்துவிட்டது. "மூடிட்டுத் திறங்க."

மூடினாள், திறந்தாள். அதே பளிங்குபோன்ற வெறுங்கதவு.

"போச்சு," என்றாள் நாத்தனார்.

"இரு. இரு. பதறாதே."

அண்ணி கண்ணை மூடினாள். பாடம் நடத்திய அந்தப் பெண்குரல் எங்கே? முதல் வாரத்தில், புரியாமலே கேட்டுக் கடந்த பாடம். மூலக்கோப்பில் யாரும் கைவைக்க முடியாது, நீங்கள் செய்வதெல்லாம் பக்கத்தில் ஒரு குட்டிக் கோப்பில் குறிப்பாக மட்டும் ஏறும்... அப்படித்தானே சொன்னாள்? படம் திறக்கும்போது மென்பொருள் அந்தக் குறிப்பைப் பார்த்துப் பழைய திருத்தங்களை மறுபடி பூசிக் காட்டுகிறது. காட்டுகிறது, அவ்வளவுதான். அடியில் இருப்பது அப்படியே இருக்கிறது!

கண்ணைத் திறந்தாள். திரையின் இடது ஓரத்தில், அவள் செய்த ஒவ்வொரு திருத்தமும் படிப்படியாக எழுதப்பட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே ஒரே ஒரு சொல்: மூலம்.

அதைச் சொடுக்கினாள்.

படம் சட்டென்று இருண்டது. முகங்கள் மட்டும் வெள்ளையாக மிதந்தன. பின்னால் குகை.

"இப்போ ஒண்ணுமே தெரியல," என்றாள் நாத்தனார்.

"தெரியும் பாரு. வேற எதையும் தொடப்போறதில்ல. இருட்டைத் தூக்கற ஸ்லைடர் ஒண்ணு மட்டும்."

மெல்ல நகர்த்தினாள். இருட்டு வெளிறியது. மணலை வாரி இறைத்தாற்போல் புள்ளிகள் எழுந்தன. புள்ளிகளுக்கு நடுவே பச்சை. பச்சைக்குக் குறுக்கே சாம்பல். அன்று அவசரத்தில் தள்ளி நின்று பார்த்தவள், இன்று படத்தை நெருக்கிக் கொண்டுவந்தாள். சாம்பல் கோடு வளையம் வளையமாகப் பிரிந்தது. உருண்டை, வாய்மூடிய பூட்டாயிற்று.

நாத்தனார் கட்டுப்போட்ட கையை நீட்டித் திரையில் வேறோர் இடத்தைத் தொட்டாள். முன்வரிசை. அவளே நின்றுகொண்டிருந்தாள், வாயெல்லாம் பல்லாக.

"இதுக்கு முன்னாடி நின்னு எப்படிச் சிரிச்சிருக்கேன் பாருங்க அண்ணி."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஸ்டூடியோக்காரர் உள்ளே வந்தார். முகம் வெளுத்திருந்தது. மனைவியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"அது இன்னும் இருக்கா?"

"இருக்குங்க."

"அழிச்சிடு."

"என்னது?"

"அழிச்சிடுன்னேன். மேலாளர் இப்பதான் போன் பண்ணாரு. மத்தியானம் வரச் சொல்றாரு. படத்துல எந்தக் கைவேலையும் இல்லன்னு அதிகாரி முன்னாடி ஒரு வார்த்தை சொல்லணுமாம். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றாள் தங்கை. "எத்தனை சின்ன வார்த்தை! என்னைக் கொண்டுபோய் உள்ள வெச்சிட்டு வர்ற வார்த்தை."

"உன்னை யாரும் உள்ள வைக்க மாட்டாங்க. நான் பேசிக்கிறேன். வேலைதானே போகும், வேற வேலை பார்த்துக்கலாம்."

"மருத்துவமனையில கெடக்கறாளே, அவ எழுந்து வந்து கேட்டா என்ன சொல்றது? 'தள்ளிப் பார்க்காமத்தான் உன்னை மிதிபட விட்டேன்'னு சொல்லவா? தள்ளினேன் அண்ணா! இந்தக் கையைப் பாரு!"

அவர் கையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

"ஏம்மா," என்று மனைவியிடம் திரும்பினார், "படத்துலேர்ந்து சாமானை எடுத்துட்டோம்னு வெளிய தெரிஞ்சா ஸ்டூடியோ என்னாகும்? நாளைக்கு எவன் நம்மகிட்டப் படம் எடுப்பான்? பள்ளிக்கூடத்துப் படம், அடையாள அட்டைப் படம் எல்லாம் நம்பிக்கையிலதானே ஓடுது?"

"நீங்கதாங்க எடுக்கச் சொன்னீங்க."

"அசிங்கமா இருக்குன்னு சொன்னேன். நான் சொன்னா நீ எடுத்துடறதா?"

இந்த வீட்டில் இத்தனை ஆண்டுகளாக அவர் சொன்னதை எடுத்தும் வைத்தும் வந்தவளைப் பார்த்து, அந்தக் கேள்வியை அவர் கேட்டார். அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற வேளையல்ல என்பதால் அது தொண்டையிலேயே கசந்தது.

"அசிங்கமாத்தான் இருந்துச்சு அண்ணா," என்றாள் தங்கை. "அது மட்டும் உண்மை."

ஸ்டூடியோக்காரர் கையை நீட்டினார். "கம்ப்யூட்டரைக் குடு."

அண்ணி மடிக்கணினியை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். ஆடிய மூடி மோவாயில் இடித்தது.

"இது என்னுது. உங்க கம்ப்யூட்டரை நான் தொடக்கூடாதுன்னீங்க. தொடல. என்னுதை நீங்க தொடாதீங்க."

இரண்டு அடி தூரத்தில் இருவரும் நின்றார்கள். ஒருநாளும் அவள் அப்படி நின்று அவர் பார்த்ததில்லை. நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், அலமாரியிலிருந்த கேமராப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"எனக்கு வேலையிருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எந்த வேலை என்று சொல்லவில்லை. இருவரும் கேட்கவுமில்லை.

அன்று பிற்பகல். விசாரணை அறை மாடியில். நீண்ட மேசை, கோப்புக் கட்டுகள், சாலையைப் பார்த்த ஒரு சன்னல். தொழிலாளர் துறையின் விசாரணை அதிகாரி நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய ஒரு பெண்மணி. மேசைமேல் சட்டமிட்ட குழுப்படம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில், அதைப் பெற்றெடுத்தவர்போல் மேலாளர் அமர்ந்திருந்தார்.

"நீங்க யாரும்மா?" என்றார் அதிகாரி.

"நான் இவ அண்ணிங்க மேடம். அந்தப் படத்தைத் திருத்தினது நான்தான்."

மேலாளரின் புன்னகை ஓரத்தில் லேசாகச் சுருங்கியது.

"திருத்தினதுன்னா?"

"காட்டறேன் மேடம். ஒரு பிளக் வேணும். இதுல பேட்டரி நிக்காது."

மின்சார முனை மேலாளரின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது.

"கொஞ்சம் எழுந்துக்கிறீங்களா சார்?" என்றாள் அண்ணி.

அவர் எழுந்துகொள்ள நேரமெடுத்தது. எழுந்துதான் ஆக வேண்டியிருந்தது. நாத்தனார் குனிந்து பிளக்கைச் செருகினாள். செங்கல் வீட்டிலேயே தங்கிவிட்டதால், அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு ஒரு தடித்த கோப்புக் கட்டைத் திரைக்கு முட்டுக் கொடுத்தாள்.

தான் வேலை செய்யும் விதத்தை அண்ணி இதுவரை வெளியாள் எவருக்கும் காட்டியதில்லை. முதன்முதலாகக் காட்டப்போவதும் தன் தவற்றையே!

முதலில் பளிங்குக் கதவைக் காட்டினாள். சட்டத்திலிருந்த படமும் திரையிலிருந்ததும் ஒன்றே என்பதை அதிகாரி ஒப்பிட்டுப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு திருத்தங்களை ஒவ்வொன்றாய்ப் பின்னோக்கி நீக்கினாள். பிரஷ் பூசிய படி நீங்கியபோது, கதவின் குறுக்கே சாம்பல் கோடு வந்து உட்கார்ந்தது.

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார்.

"இது என்ன?"

"சங்கிலி மேடம். ஒயர்னு நெனச்சு நான் அழிச்சது. அசிங்கமா இருக்குன்னு வீட்ல சொன்னாங்க, அழிச்சேன். அது தப்பு. அது என் தப்பு. ஆனா சங்கிலி போட்டது என் தப்பு இல்ல."

மேலாளர் கைகொட்டிச் சிரித்தார்.

"நல்லா இருக்கு மேடம்! அழிக்கத் தெரிஞ்சவங்களுக்கு வரையத் தெரியாதா? ஓசியில கெடைச்ச சாப்ட்வேரை வெச்சுக்கிட்டு வீட்ல உட்கார்ந்து நாத்தனாருக்காக ஒரு சங்கிலியை வரைஞ்சு எடுத்துட்டு வந்திருக்காங்க. குடும்பப் பாசம். பாராட்டறேன்."

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்ததுதான் அண்ணியைச் சுட்டது. ஒருமுறை பொய் பூசிய விரல், மறுமுறை மெய்யைக் காட்டினால் யார் நம்புவார்?

நாத்தனார் அவள் முழங்கையைத் தொட்டாள். காலையிலிருந்து முதல் தொடுதல்.

"சொல்லுங்க அண்ணி. எனக்குக் காட்டினீங்களே, அதைக் காட்டுங்க."

அண்ணி எல்லாத் திருத்தங்களையும் நீக்கி, 'மூலம்' என்ற சொல்லுக்குப் போனாள். படம் இருண்டது. மடிக்கணினியை அதிகாரியின் பக்கமே திருப்பிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே நான் தொடலை மேடம். இது கேமராவுலேர்ந்து வந்தது வந்தபடி. இதுமேல யாராலயும் பூச முடியாது. இந்த ஸ்லைடர் இருட்டை மட்டும் தூக்கும். இல்லாததைக் கொண்டுவராது. நீங்களே நகர்த்துங்க."

அதிகாரி நகர்த்தினார். சுவர் வந்தது, அலமாரி வந்தது, கதவு வந்தது. சங்கிலி வந்தது. பின்னுக்கு இழுத்தார், மறைந்தது. மறுபடி நகர்த்தினார். வளையம் வளையமாய் மறுபடி வந்தது. மூன்றாம் முறையும் செய்து பார்த்தார். பிறகு மேலாளரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை நீண்டது.

"இது எங்கிருந்து வந்த கோப்புன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் மேலாளர். குரலில் பழைய வழுவழுப்பு இல்லை. "எங்க கதவுதானா? அன்னைக்கு எடுத்ததுதானா? எடுத்தவர் எங்க? அவர் சொல்லட்டும்!"

அதிகாரி பேனாவை மூடினார்.

"அந்தக் கேள்வி சரிதான்," என்றார். "கோப்புல கேமரா எண் பதிஞ்சிருக்கு. அந்தக் கேமராவும் வேணும், எடுத்தவரும் வேணும். இன்னைக்கு அலுவலகம் மூடறதுக்குள்ள அவர் வந்து, 'இது நான் எடுத்தது, இது என் கேமரா'ன்னு சொல்லணும். வரலேன்னா, என் முன்னாடி அத்தாட்சியா இருக்கறது இந்தச் சட்டம் போட்ட படம் மட்டும்தான். அதை வெச்சுத்தான் எழுதுவேன்."

அண்ணி கைப்பேசியை எடுத்துக் கணவரை அழைத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள்.

"அண்ணி," என்றாள் நாத்தனார். அவள் சன்னலருகே நின்றிருந்தாள். "போன் பண்ணாதீங்க. இங்க வாங்க."

கீழே, வாயிலருகே, ஸ்டூடியோக்காரரின் ஸ்கூட்டர் நின்றிருந்தது. அதன்மேல் சாய்ந்து அவர். தோளில் கேமராப் பை. கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு, அடிக்கும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாய் அங்கே நிற்கிறார்?

"மேல வரச் சொல்லுங்க!" என்றாள் நாத்தனார்.

அண்ணி சன்னல் கதவைத் தள்ளினாள். அது எளிதாகத் திறந்தது. குரல் கொடுக்க வாயெடுத்தவள் திரும்பிப் பார்த்தாள். மேலாளரின் நாற்காலி காலி. படிகளில் தடதடவென்று பூட்ஸ் இறங்கும் ஓசை.

மறுகணம் அவர் கீழே வாயிலில் இருந்தார். ஸ்டூடியோக்காரரின் தோளில் கையைப் போட்டார். காதருகே குனிந்து ஏதோ சொன்னார். தன் காரின் கதவைத் திறந்து பிடித்தார். ஒரு பக்கம் திறந்த கார்க் கதவு, மறுபக்கம் மாடிப்படி.

"ஏங்க!" என்று அண்ணி கத்தினாள். தெருவே திரும்பிப் பார்த்தது.

ஸ்டூடியோக்காரரும் நிமிர்ந்து பார்த்தார். சன்னலில் மனைவி. பக்கத்தில் தங்கை. தங்கை கட்டுப்போட்ட கையைச் சன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டினாள். காலையில் அவர் பார்க்க மறுத்த கையை, இப்போது கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

கேமராப் பையின் வாரை அவர் கை இறுகப் பற்றியது. எந்தப் பக்கம் நடப்பதற்காக?

அதை அவர் மனச்சாட்சி தீர்மானிக்கட்டும், அன்பர்களே. அதுவரை கைகட்டிக்கொண்டு காத்திருக்க உங்களுக்கு நேரமில்லை. நீங்களும் நாளை வேலைக்குப் போகிறீர்கள். ஆலைக்கோ, அலுவலகத்துக்கோ, கடைக்கோ, கிடங்குக்கோ போகிறீர்கள். போனதும் முதல் வேலையாக, 'அவசர வழி' என்று எழுதிய கதவு எங்கேயென்று தேடுங்கள். படத்தில் பார்த்து நம்பாதீர்கள். மேலாளர் சொல்லக் கேட்டு நம்பாதீர்கள். பக்கத்தில் வேலைசெய்பவரையும் அழைத்துக்கொண்டு போய், உங்கள் கையாலேயே அதைத் தள்ளிப் பாருங்கள். திறக்கவில்லையா? கேளுங்கள். "வேலை நேரத்தில் கழற்றிவிடுவோம்" என்பார்கள். "இது வேலை நேரம்தான். இப்போதே கழற்றுங்கள்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அந்தச் சங்கிலி கழன்று தரையில் விழும் ஓசை கேட்கும்வரை, அந்தக் கதவைவிட்டு நகராதீர்கள்!